பத்தாவது வாக்கியம்

கல்யாணப் பத்திரிகை இன்னும் வரவில்லையே என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லாரும் என் வயதுக்காரர்கள்தான். சின்னவர்கள் கேட்பதில்லை, அவர்களுக்கு ஃபோனில் ஒரு படம் வந்தால் போதும். மகன் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் எப்போது போய்ச் சொல்லப் போகிறாய் என்கிறீர்கள். பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது. மூன்று அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று ஃபோனில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முதலில் ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்ஜஸ்ட்.

சிரிக்காதீர்கள். நீங்கள் ஒவ்வொருவரும் இன்றைக்குக் காலையிலிருந்து அதை இரண்டு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். மருமகளிடமோ, மகளிடமோ, பால்காரனிடமோ. நான் பதினொரு வயதில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதியவள். அது எங்கே பிறந்தது, எப்படி வந்தது, யார் யாரிடம் சொன்னார்கள் என்று எழுதி வைத்தவள். அந்த நோட்டு இப்போது இல்லை. ஆனால் அதில் இருந்த பத்து வாக்கியங்களும் எனக்கு மனப்பாடம்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே மூன்று மைல். கிணறு வற்றியதும் அப்பா மாட்டுச்சாளையை இடித்துவிட்டு நான்கு விசைத்தறி போட்டார். தறி ஓடும் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். மோட்டார் நின்றபிறகும் கத்துவோம். சோற்றில் பஞ்சு கிடக்கும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். தலைமுடியில் எண்ணெய்க்கு மேல் ஒரு வெள்ளைப் படலம் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என்னைக் கிழவி என்று கூப்பிட்டார்கள்.

தறி மக்கர் செய்தால் கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து ஃபிட்டர் பாய் வருவார். கான்வாஸ் பை, காதில் பீடி, பேச்சில் பாதி இங்கிலீஷ். எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் அவர்தான். குனிந்து ஏதோ திருகுவார், நிமிர்வார், துணியில் கையைத் துடைப்பார். "அட்ஜஸ்ட் பண்ணியிருக்கேனுங்க மொதலாளி. ஓட்டிப் பாருங்க" என்பார். தறி ஓடும்.

ஒரு தடவை மூன்றாவது தறியில் நாடா நேராகப் போகாமல் எகிறி எகிறி விழுந்தது. நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியின் குறுக்கே பாய்கிற மரக்கட்டை, முனையில் இரும்பு. மேலே பட்டால் மண்டை உடையும். அப்பாவுக்கு அவசரம்.

"அந்த போல்ட்டையே இன்னும் ரெண்டு சுத்து திருக்கி உடுங்க பாய்."

"அதையேதானுங்க போன மாசமும் திருக்குனது. ஒரு பக்கத்தையே திருக்கீட்டிருந்தா மரை போயிருமுங்க. அக்கட்டாலயும் கழட்டிப் பாக்கோணும்."

"அக்கட்டால நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்கறாப்ல தெரியுமுங்க" என்றார் பாய்.

கழற்ற அரை நாள் ஆகும் என்று அப்பா விடவில்லை. இரண்டு சுற்றுத் திருகச் சொன்னார். பாய் திருகிவிட்டுப் போனார். பத்து நாளில் மரை போய் போல்ட் கழன்று விழுந்தது. அப்பா பாயைத் திட்டினார்.

தறிக்கொட்டகையின் மூலையில் அத்தை உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்குத் தங்கை. நாடாவுக்குள் வைக்கிற கட்டைகளில் நூல் சுற்றுவது, அதாவது தார் சுற்றுவது, அத்தையின் வேலை. சின்ன மோட்டார் ஒன்று சுற்றும். அத்தை நூலை விரலால் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூல் ஓடி ஓடி ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் நான் விரலை வைத்துப் பார்ப்பேன். பள்ளமாக இருக்கும்.

அத்தையை மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குப் பாக்கு மண்டி. அவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்து மாடியில் வைத்துவிட்டு, நீ கீழே இருந்துகொள் என்றாராம். இரண்டு வருஷம் கீழே இருந்துவிட்டு, ஒரு நாள் தகரப்பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டது அத்தை. வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் என்ன சொல்வது என்றுதான் பேசினார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணீட்டு இருந்திருக்கலாமல்ல அம்மணி?" என்றார் அப்பா.

"மாடியில அவ நடக்கறது எனக்குக் கீழ கேக்குதுங்ண்ணா" என்றது அத்தை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். தறியை ஓட்டப் போய்விட்டார். தறிக்குச் சொல்லப்பட்ட சொல் ஒரு மனுஷிக்குச் சொல்லப்பட்டதை நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறை.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் டீச்சர் புதிதாக வந்தார். கோயமுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், கைப்பையும் குடையுமாக. அந்த டீச்சர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். நம் பேச்சில் கலந்துவிட்ட இங்கிலீஷ் வினைச்சொல் ஒன்றை ஆளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பொருள், அது பிறந்த கதை, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுத வேண்டும். பத்து வாக்கியம். சொந்தமாக ஜோடிக்கக் கூடாது. வீட்டில், பஸ்ஸில், கடையில் மனிதர்கள் சொல்லிக் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பத்தில் ஒன்றாவது, ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னதாக இருக்க வேண்டும்.

"பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்" என்றார். நான் நம்பினேன்.

மற்ற பிள்ளைகள் ஸ்டாப், ஸ்டார்ட், வெயிட் என்று எடுத்தார்கள். நான் அட்ஜஸ்ட் என்றேன். டீச்சருக்கு ஆச்சரியம். தலைமை ஆசிரியர் அறை அலமாரியிலிருந்து தடி அகராதியை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். லத்தீனில் 'பக்கத்தில்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுக்காரர்கள் அதை எடுத்து, ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதற்குச் சொன்னார்களாம். பிறகு நியாயம் என்று பொருள்படும் வேறொரு சொல்லின் வாடையும் அதில் ஏறிக்கொண்டதாம். இங்கிலீஷில் சரிப்படுத்து, பொருத்து என்று ஆனதாம். நான் அப்படியே எழுதிக்கொண்டேன். பக்கத்தில் கொண்டுவருவது, நியாயம்.

காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். ஒன்று, பாய் தறியைப் பற்றி அப்பாவிடம் சொன்னது. இரண்டு, பஸ்ஸில் கண்டக்டர் சொன்னது: "மூணு பேரு சீட்டுல நாலு பேரு அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கம்மா." மூன்று, டெய்லர் என் அம்மாவிடம் ரவிக்கையைப் பற்றிச் சொன்னது. நாலாவதிலிருந்து வெளியே போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒறம்பரை வந்தால் அத்தை படுக்கிற அறை போய்விடும், அம்மா சொல்வாள். குழம்பு தீர்ந்துபோனால் அத்தைக்கு மோர், அம்மாதான் சொல்வாள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா அம்மாவிடம் சொன்னார். ஒன்பது வாக்கியம் சேர்ந்துவிட்டது. நாலிலிருந்து ஒன்பது வரை, யாரிடம் என்ற இடத்தில் அம்மா அல்லது அத்தை. மாறி மாறி அவர்கள்தான்.

பத்தாவதுதான் கிடைக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே சொன்னது. எத்தனை நாள் காத்திருந்தும் ஒருத்தர்கூட நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லி நான் கேட்கவில்லை.

அப்போதுதான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. சித்தப்பா அப்பாவுக்கும் அத்தைக்கும் கடைசித் தம்பி. அவருக்கு நாலு வயதாக இருக்கும்போதே அவர்கள் அம்மா செத்துப்போனது. அத்தைக்கு அப்போது பதினாலு. இடுப்பில் தூக்கி வளர்த்தது அத்தைதான். இருபத்தைந்து வயதிலும் அத்தை போட்டால்தான் சித்தப்பா சாப்பிடுவார். "அக்கா, உப்புப் பத்தலை" என்று தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார். அத்தை ஓடும்.

இணைச்சீர் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் மருமகள்கள் யாராவது இதைப் படித்தால் தெரியட்டும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். அவளும் கல்யாணப் பெண் மாதிரி பட்டும் நகையும் போட்டிருப்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், இன்னொரு முனை அவளிடம். இன்னொருத்தி வரப்போகிறாள், ஆனாலும் உனக்கு என்னிடம் இடம் இருக்கிறது என்று ஊர் முன்னால் தம்பி சொல்கிற சீர் அது. நிற்கிறவளுக்கு அதற்கு முன்பே எழுதிங்கள் சீர் முடிந்திருக்க வேண்டும். பிறந்த வீடு கட்டிக்கொடுத்த மகளுக்குச் செய்கிற சீர். அத்தைக்கு அது முடிந்திருந்தது. மாமா மாடியில் ஆள் வைப்பதற்கு முன்பே.

சித்தப்பா சின்ன வயதிலிருந்தே, "என்ற கல்யாணத்துல எங்கக்காதான் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பெண் வீட்டார் காங்கேயம் பக்கம். நிச்சயத்துக்கு அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு பெரியவர் வந்தார். காப்பி குடித்தார். மழை இல்லை என்றார். எழுந்துகொள்ளும்போது சொன்னார்.

"இணைச்சீருக்கு ஆருங்க நிக்கறது? புருசனோட பொழைக்கற புள்ளையா இருந்தாத் தேவலைன்னு பொம்பளைங்க பேசிக்கறாங்க. நமக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அதுக்கென்னுங்க, பாத்துக்கலாமுங்க" என்றார் அப்பா.

சித்தப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

பெருந்துறையில் அப்பாவின் பெரியப்பா மகள் ஒருத்தி இருந்தாள். சித்தப்பாவுக்கு அக்கா முறை. அவள் நிற்கட்டும் என்று முடிவானது. அதை அத்தையிடம் யார் சொல்வது? அப்பா அம்மாவிடம், நீ சொல் என்றார். அம்மா, உங்கள் தங்கை, நீங்களே சொல்லுங்கள் என்றாள். இரண்டு நாள் தள்ளிப்போனது. மூன்றாம் நாள் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"கண்ணு, நீ சொன்னா உங்கத்தை கேட்டுக்கும். பெருந்துறை அத்தை நிக்கறாங்களாம், நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்லீட்டு வந்துரு. அழுதா ஓடி வந்துரு."

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! என் சொல். நான் அகராதியில் பார்த்த சொல். நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு தறிக்கொட்டகைக்குப் போனேன். கரண்ட் இல்லாத நேரம், தறி ஓடவில்லை. அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

அத்தை அழவில்லை. கையில் இருந்த தார்க்கட்டையைக் கூடையில் போட்டது. இன்னொன்றை எடுத்தது. அதையும் போட்டது.

"தம்பி என்ன சொன்னான்?"

"சித்தப்பா ஒண்ணும் சொல்லலைங்கத்தை."

"செரி கண்ணு."

நான் அதோடு வந்திருக்கலாம். வரவில்லை. நோட்டை விரித்தேன்.

"அத்தை, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"ஒம்பது கெடைச்சிருச்சு. பத்தாவது ஆராவது தன்னைப் பத்திச் சொல்லோணும். நானா எழுதுனா டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்க."

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. கோபம் இருந்திருந்தால் மறந்திருப்பேன். பரிதாபமாகப் பார்த்தது. எனக்காகப் பரிதாபப்பட்டது.

"நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்றது. "எழுதிக்கிட்டியா?"

எழுதிக்கொண்டேன். யார் சொன்னது: அத்தை. யாரிடம்: என்னிடம்.

டீச்சர் அந்த நோட்டை வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். பத்தாவது வாக்கியத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய டிக். குட் என்று எழுதி அடிக்கோடு. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கல்யாணத்தன்றைக்குக் கருமத்தம்பட்டி மண்டபத்துக்கு எல்லாரும் போய்விட்டோம். அத்தை வரவில்லை. தறிக்கு ஆள் வந்தால் யாராவது இருக்க வேண்டாமா என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கல்யாணத்தன்று எந்த வீட்டில் தறி ஓடும்? கேட்டவர்களுக்கும் தெரியும். தலையை ஆட்டினார்கள். மண்டபம் முழுக்கப் பன்னீரும் சாம்பாரும் கலந்த வாடை. எனக்குப் புதுப் பாவாடை, இடுப்பில் அறுத்தது.

சீரெல்லாம் நடத்திவைக்கிற அருமைக்காரர் வந்து உட்கார்ந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"இணைச்சீர்க்காரி ஆருங்க?"

பெருந்துறை அத்தை பட்டும் நகையுமாக முன்னால் வந்தாள்.

"எழுதிங்கள் ஆயிப்போச்சுங்களா அம்மணி?"

பெருந்துறை அத்தை திருதிருவென்று விழித்தாள். அவளுக்கு எழுதிங்கள் ஆகவில்லை. பிறந்த வீட்டில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். புருஷனோடு பிழைக்கிறாளா என்பதை இரண்டு ஊரும் சேர்ந்து விசாரித்தது. இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

"அப்பறம் எப்படீங்க? எழுதிங்கள் ஆகாத புள்ளையை நிக்க வெக்கறதுக்கு இல்லீங்க" என்றார் அருமைக்காரர். "கூடப்பொறந்த புள்ளை ஒண்ணு இருக்குதல்லங்க? அது எங்கீங்க?"

காங்கேயத்துப் பெரியவர் கூரையைப் பார்த்தார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய காரில் ஏறினார். "நீ கூப்பிட்டா வரும்" என்றார். போகும்போது சித்தப்பாவைத் தாண்டித்தான் போனோம். மாலையோடு உட்கார்ந்திருந்தார். மறுபடியும் அந்தக் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தறிக்கொட்டகையில் சின்ன மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நுழைந்ததும் அப்பா நின்றுவிட்டார். அத்தை தலைக்குக் குளித்து, பூ வைத்து, எழுதிங்கள் சீருக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காதில் கழுத்தில் இருந்ததையெல்லாம் போட்டிருந்தது. அப்படி உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலை மேலெல்லாம் பஞ்சு.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு, பொறப்பட்டேதான் இருக்கறே. வா அம்மணி, நேரமில்லை. அவளுக்கு எழுதிங்கள் ஆகலையாமா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணீட்டு வந்துரு."

அத்தை மோட்டாரை நிறுத்தியது.

"தம்பி கூப்புட்டானுங்களா?"

"அவன் மணவறையில உக்காந்திருக்கான். எப்படிக் கூப்புடுவான்?"

"வாய் இருக்குதல்லங்ண்ணா? எங்கக்காளைக் கூட்டீட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னானா? சொன்னான்னு சொல்லுங்க. இந்தா, எந்திரிச்சுட்டேன்."

நிஜமாகவே எழுந்து நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னால் அத்தை நம்பும் என்று அவருக்குத் தெரியும். அத்தையும் என்னைப் பார்த்தது.

"சித்தப்பா என்ன கண்ணு சொன்னாரு?"

காதால் கேட்டதைத்தான் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

"ஒண்ணும் சொல்லலைங்கத்தை" என்றேன்.

அத்தை உட்கார்ந்தது.

"நான் வரலீங்ண்ணா. நீங்க போங்க, நேரமாவுது."

அப்பா திட்டினார். குடும்ப மானம் போகும் என்றார். காலில் விழட்டுமா என்றார். விழவில்லை. அத்தை மோட்டாரைப் போட்டுவிட்டது. அந்தச் சத்தத்தில் அப்பா பேசியது எதுவும் கேட்கவில்லை.

திரும்பிப் போனோம். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அருமைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார், சொன்னார்.

"செரீங்க. காலம் முன்ன மாதிரியா இருக்குது? இந்தப் புள்ளையே நிக்கட்டும். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமுங்க."

பண்ணிக்கொண்டார்கள். எழுதிங்கள் ஆகாத பெருந்துறை அத்தை கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வானம் இடிந்து விழவில்லை. காங்கேயத்துப் பெரியவர் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். வளைக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒரு முறையை, வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் வளைத்துவிட்டார்கள். அதே மாதிரி என் அத்தைக்காக இன்னொரு முறையை வளைத்திருக்க முடியும். அந்த எண்ணமே அங்கே ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. எனக்கு வரவே நாற்பது வயதாகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது கெட்டாலும், அன்றைக்கு வராமல் உட்கார்ந்தவளால்தான். மோட்டார் எரிந்தால் அவளால். சித்திக்கு முதல் பிரசவம் கஷ்டமானதும் அவளால். அந்த வருஷமே அத்தை தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய் ஒரு மில்லில் சேர்ந்தது. லைன் வீட்டில் ஒற்றை அறை. திமிர் பிடித்தவள், தானாகப் போனாள் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் என் கல்யாணத்துக்குப் பிறகு என் புருஷன் வீட்டில் அப்படித்தான் சொன்னேன். எங்கள் அத்தை கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதவள் என்று சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

நோட்டை அம்மா ஒரு நாள் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினாள். நீல வாளி. ரொம்ப நாள் உழைத்தது.

அத்தை செத்தபோது சித்தப்பா வந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த லைன் வீட்டு வாசலை மிதித்தார். பாடையைத் தூக்கும்போது கட்டிப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்று கதறினார். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். பாசமான தம்பி என்று அக்கம்பக்கம் மூக்கைச் சிந்தியது. வாயைத் திறந்து அவர் அத்தையைக் கூப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். உப்புப் பத்தாததற்குக் கூப்பிட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பத்திரிகைக்கு வருகிறேன்.

என் மகளை உங்களுக்குத் தெரியும். போன வருஷம் கோர்ட்டில் பிரிந்து வந்தாள். கோயமுத்தூரில் வேலை, தனி வீடு. அவளுக்கு எழுதிங்கள் நாங்கள் செய்தாகிவிட்டது. தம்பி கல்யாணத்துக்கு இணைச்சீர்க்காரி அவள்தான். பெண் வீட்டார் நல்லவர்கள்; இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நான் ஆறு மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல காரமான பதில். கேட்கத்தான் ஆளில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருந்தார்கள். நான் அவளுக்கு எடுத்த பட்டைப் பிரித்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். மடித்தாள். பெட்டியில் வைத்து மூடினாள்.

"அம்மா, இணைச்சீருக்குப் பெரியம்மா மகளையே நிக்கச் சொல்லீருங்க. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

பெட்டி மேல் இருந்த அவள் கையைப் பிடித்தேன்.

"ஆருடீ உங்கிட்டச் சொன்னா?"

"ஆரும் சொல்லலை. எதுக்கு வம்பு? நாளைக்கு ஏதாவதுன்னா எம்மேலதான் வரும்."

எங்கள் காலத்தில் அதைச் சொல்ல ஒரு அப்பா வேண்டியிருந்தது, ஒரு அம்மா, நோட்டுப் புத்தகத்தோடு ஒரு குழந்தை. இப்போது யாரும் தேவையில்லை. என் மகள் படித்தவள். அவளே சொல்லிக்கொண்டாள்.

நான் மகனைத் திரும்பிப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. நிமிரவில்லை. கட்டைவிரலால் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஃபோனைப் பிடுங்கினேன்.

"உங்கக்காளைக் கூப்புடு."

"என்னம்மா?"

"எங்கூட வந்து நில்லுக்கான்னு உன்ற வாயால கூப்புடு."

"அவளே வேண்டாங்கறா. அப்பறம் எதுக்கும்மா ரகளை பண்றீங்க?"

மகள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் ஃபோனைத் திருப்பிக் கொடுங்கள் என்று கையை நீட்டினான்.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. அவன் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. கோபம் தணியட்டும் என்று என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மண்டபக்காரன் கேட்கிறான், சமையல்காரன் கேட்கிறான், நீங்கள் கேட்கிறீர்கள். பதினொரு வயதில் ஒரு பொய்யைச் சொல்லி அத்தையை அழைத்துப் போயிருக்கலாமோ என்று எத்தனையோ நாள் புழுங்கியிருக்கிறேன். இப்போது புழுங்கவில்லை. கூப்பிட வேண்டியவன்தான் கூப்பிட வேண்டும். அவனுக்குப் பதிலாக யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு வார்த்தை. அவன் அக்காவைக் கூப்பிட்ட அன்றைக்கு நான் பெட்டியைப் பிரிக்கிறேன், உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைக்கிறேன். கூப்பிடாவிட்டால் ஒரு பத்திரிகைகூட இந்த வாசலைத் தாண்டாது. இணைச்சீர் இல்லாமல், அம்மா இல்லாமல், ஒறம்பரை இல்லாமல் அவன் போய்த் தாலி கட்டிக்கொள்ளட்டும்.

கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளட்டும்.